கித்தேரியான் என்ன சொன்னார்?

தன் புருஷன் சாமியாகிப் போனதில் பிலோமிக்குக் கொஞ்சமும் சம்மதமில்லை. ஆனால் அவளிடம் யாரும் கேட்கவுமில்லை. சாமியாக்குகிறவர்கள் எந்தக் காலத்தில் பெண்டாட்டியைக் கேட்டிருக்கிறார்கள்?

செவ்வாய்க் கிரகத்தில் செம்மேடு என்று ஒரு குடியிருப்பு. தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து குழாய் வேலைக்கும் சுரங்க வேலைக்கும் போன குடும்பங்கள் அங்கேயே வேர் விட்டிருந்தன. மண்ணுக்கடியில் கூடம் கூடமாக வீடுகள். ஒவ்வொரு கூடத்துக்கும் காற்று கசியாத இரும்புக் கதவு. அதை அங்கே வாசல் என்பார்கள். எந்த வாசலைப் பார்த்தாலும் மேலே அவள் புருஷன் கித்தேரியானின் படம் தொங்கும். தாண்டுகிற பிள்ளைகள் நிலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும். பரீட்சைக்குப் போகிற ஒரு பெண், "கித்தேரியானே, கணக்குல மட்டும் காப்பாத்தும்" என்று வேண்டியதைப் பார்த்துப் பிலோமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அவுக எட்டாங்கிளாசையே தட்டுத் தடுமாறி ஏறுனவுக. கணக்கை வேற யார்கிட்டயாவது கேளு" என்றாள். அந்தப் பெண்ணின் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு ஓடிவந்து பிள்ளையை இழுத்துப் போனாள்.

பிலோமி பாசித் தொட்டிகளில் வேலை செய்தாள். கடலே இல்லாத ஊருக்கு வந்தும் பாசி நாற்றம் தன்னை விடவில்லை என்று சொல்லிக்கொள்வாள். தொட்டிக்கு மேலே பனிமய மாதா படத்தை மாட்டி, கிண்டிக்கொண்டே ஜெபமாலை சொல்வாள். குறட்டை விட்ட மனிதனை, குழம்பில் உப்பில்லை என்று முகத்தைத் தூக்கிய மனிதனை எப்படிக் கும்பிடுவது?

நடந்த கதை எல்லாருக்கும் மனப்பாடம். செம்மேட்டில் ஒரே ஒரு கூடம் மட்டும் இருந்த ஆரம்ப காலம். தூசிப்புயல் அடித்த ஒரு நாள் கித்தேரியான் குழாய் அடைப்பை எடுக்க வெளியே போயிருந்தார். உடுப்பில் காற்று தீருகிற நேரத்தில் திரும்பி வந்து, வாசலுக்கு வெளியே இருக்கிற இடையறையில் நுழையும்போது அதன் வெளிச்சுவர் கிழிந்துவிட்டது. உள்கதவைத் திறந்தால் கூடத்துக் காற்று முழுவதும் போய்விடும், இருந்த சனமெல்லாம் செத்துவிடும். கதவின் நெம்புகோலைப் பிடித்துக்கொண்டு நின்றவர் தளவாய். புயலில் வானொலி வேலை செய்யவில்லை. கித்தேரியான் தன் தலைக்கவசத்தைக் கதவில் அழுத்தி வைத்துப் பேசினார், தளவாய் மறுபக்கம் காதை வைத்துக் கேட்டார்.

"நான் இங்கன நிக்கேன். நீங்க எல்லாரும் நல்லா இருங்க. கதவைத் தொறக்காதீங்க."

இதுதான் வாசல் வார்த்தை. இரும்பில் வெட்டி வைத்திருந்தார்கள். காலையில் பிள்ளைகள் அதைச் சொல்லித்தான் பாடத்தை ஆரம்பிக்கும்.

அந்த வார்த்தையைக் கேட்கும்போதெல்லாம் பிலோமிக்கு வயிறு எரியும். ஊருக்கே சொல்வதற்கு அவருக்கு வார்த்தை இருந்தது. அதே கூடத்தின் கோடியில், வயிற்றில் பிள்ளையோடு படுத்திருந்த பெண்டாட்டிக்கு ஒரு வார்த்தை இல்லை. எவ்வளவு லேசாக எங்களை விட்டுப் போனீர் என்று மனதுக்குள் சண்டை போட்டே அவள் தலை நரைத்தது. இதை அவள் மாதாவிடம்கூடச் சொன்னதில்லை.

அந்த வயிற்றுப்பிள்ளை இன்னாசி இப்போது மீசை வைத்த ஆள். அவன் 'நிற்கிறவர்' விரதம் எடுக்கப் போகிறான்.

வெளிவேலைக்குப் போகிற இளைஞர்கள் எடுக்கும் விரதம் அது. ஆபத்து வந்து வாசல் மூடிக்கொண்டால், கித்தேரியானைப் போல் வெளியே அமைதியாக நிற்பேன், கதவைக் கேட்கமாட்டேன் என்று சபையில் சொல்ல வேண்டும். முந்தின வருஷம் பக்கத்து வீட்டுக் கனகுவின் மகன் அப்படி நின்றான். எல்லாப் பரிசோதனையும் முடிந்து கதவைத் திறந்தபோது சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். முகம் எவ்வளவு அமைதி பார்த்தீர்களா என்று ஊரே சொன்னது. பிலோமி கனகுவின் முகத்தைப் பார்த்தாள். அதற்குப் பிறகு அவளுக்குச் சோறு இறங்க ஒரு வாரம் ஆயிற்று.

"எல, உங்கப்பாவுக்கு வேற வழி இல்ல, நின்னாவ. ஒனக்கு என்னல வந்துச்சு?" என்று கேட்டுப் பார்த்தாள்.

"எம்மா, ஊரெல்லாம் எங்கப்பா பேரைச் சொல்லுது. நானே விரதம் எடுக்கலன்னா பொறவு யாரு எடுப்பா?" என்றான் இன்னாசி. அவன் சொன்னதில் தப்பும் கண்டுபிடிக்க முடியவில்லை.

இந்த நேரத்தில்தான் ஜைத்தூன் வந்து இறங்கினாள். மேலப்பாளையத்துக்காரி. மதங்கள் எப்படிப் பிறக்கின்றன என்று ஆராய்கிற பேராசிரியை. பூமியில் எல்லா மதத்தின் ஆரம்பமும் புகைமூட்டமாக இருக்க, இங்கே ஒரு மதம் கண்ணெதிரே தவழ்கிறது என்று கேள்விப்பட்டுக் கப்பலேறியவள். தொட்டிச் சாலைக்கு வந்து, பிலோமியோடு சேர்ந்து பாசி கிண்டிக்கொண்டே பேசுவாள். அவளுக்குக் கை வலிக்கும், ஆனால் வாய் வலிக்காது. பிலோமிக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

"எல்லா மார்க்கத்துலயும் ஆரம்பம் இப்பிடித்தான் அக்கா" என்பாள். "சொன்னவுக ஒருத்தவுக, கேட்டவுக கொஞ்சப் பேரு. எழுதி வைக்கதுக்குள்ள தலைமுறை மாறிடும். புத்தர் போன பொறவு சீடர்மாரு கூடி உக்காந்து, நான் கேட்டது இது, நீ கேட்டது எதுன்னு ஒப்பிச்சுப் பாத்தாவளாம். எங்க மார்க்கத்துல ஒரு வார்த்தைன்னா, அதை யாரு கேட்டா, அவரு யாருகிட்ட கேட்டாருன்னு சங்கிலி மாதிரி சொல்லணும். ஒரு கண்ணி பழுதுன்னா வார்த்தையை எடுக்க மாட்டாவ."

"எங்க வீட்டுக்காரவுக வார்த்தைக்கு எத்தனை கண்ணி?"

"ஒண்ணே ஒண்ணுதான். தளவாய் அண்ணாச்சி."

தளவாய் வயதுக்கு முந்தியே கிழவராகிப் போயிருந்தார். சபைக்குத் தலைவர் அவர்தான். ஆனால் தலைவருக்கு உண்டான மிடுக்கு ஒன்றும் கிடையாது. முதல் கூடத்து வாசலுக்குப் பக்கத்திலேயே பாயை விரித்துக் கிடப்பார். பிலோமி வீட்டுக்கு என்ன தேவை என்றாலும் முதல் ஆளாக வந்து நிற்பார், நிமிர்ந்து மட்டும் பார்க்கமாட்டார். பக்தி என்று ஊர் சொல்லிக்கொண்டது.

ஒருநாள் ஜைத்தூன் கிண்டுகோலைக் கீழே வைத்துவிட்டுப் பேசாமல் நின்றாள். பேச்சுக்காரி பேசாமல் நின்றால் காரியம் பெரிது என்று பிலோமிக்குத் தெரியும்.

"சொவத்துக்கும் காது உண்டும்பாவல்ல அக்கா. இந்த ஊருச் சொவத்துக்கு நெசமாவே உண்டு" என்றாள். "விரிசல் விட்டா தெரியணும்னு கட்டும்போதே சொவத்துக்குள்ள, கதவுக்குள்ள எல்லாம் மெல்லிசா இழை ஓட்டிருக்காவ. சின்ன அதிர்ச்சியைக்கூட அது பதிஞ்சு வச்சுக்கிடும். பேச்சும் அதிர்ச்சிதான. அதுலயிருந்து குரலைப் பிரிச்செடுக்க இப்போ வழி வந்துட்டு. அன்னைக்குக் கதவு பதிஞ்சதை நான் பிரிச்சிருக்கேன். விரதத்தன்னைக்கு அவுக குரலையே கேக்கணும்னு சபையில இளவட்டங்க எல்லாம் ஆசைப்படுதாவ. தளவாய் அண்ணாச்சி மட்டும்தான் வேண்டாம்னாரு."

"நீ கேட்டுட்டியா?"

"கேட்டேன். வேற யாரும் கேக்கல. உங்களுக்குத்தான் மொத உரிமை. நீங்க கேட்டுட்டு அழின்னு சொன்னா, இந்த இடத்துலயே அழிச்சிருதேன். என் படிப்பு கெடக்கட்டும்."

அவள் முகத்தைப் பார்த்ததுமே பிலோமிக்குப் புரிந்துவிட்டது, வாசல் வார்த்தை அதில் இல்லை. தொட்டி விளிம்பில் உட்கார்ந்துகொண்டாள். ஜைத்தூன் சிறிய கருவி ஒன்றை அவள் காதில் வைத்தாள்.

முதலில் இரைச்சல். பிறகு மூச்சு. பிறகு அந்தக் குரல். இத்தனை வருஷம் கழித்தும் பிலோமிக்கு அது யாரென்று உடனே தெரிந்தது.

"தளவாய்... நான்தான்ப்பா. தொற. ஏ தளவாய், வெளையாடாத. தொறப்பா."

தட்டுகிற சத்தம். உள்ளிருந்து அழுகையோடு ஒரு இளங்குரல்: "அண்ணாச்சி, முடியல அண்ணாச்சி. தொறந்தா எல்லாரும் போயிருவாவ. மைனியும் உள்ளதான் இருக்காவ."

"பிலோமிகிட்டதான்ல போவணும். அவ தனியா இருப்பா. தொறப்பா, ஒரு எட்டு பாத்துட்டு... பிலோமி! ஏ பிலோமி!"

மறுபடியும் தட்டுகிற சத்தம். கொஞ்ச நேரம் வேகமாக, பிறகு விட்டுவிட்டு. குரல் தேய்ந்த பிறகும் அவள் பெயர் இன்னும் ஒருமுறை கேட்டது. தட்டுவது நின்ற பிறகு தளவாயின் அழுகை மட்டும்தான்.

பிலோமி அழுதாள். அழுகையின் நடுவிலேயே சிரிப்பும் வந்தது. ஜைத்தூன் பயந்துபோய் அவள் தோளைப் பிடித்தாள்.

"வீட்டுக்கு வரணும்னுதான் கெடந்திருக்காவ டீச்சரம்மா" என்றாள் பிலோமி. "நான் இத்தனை நாளும் அவுகளை ஏசிக்கிட்டே இருந்தேன். எம்பேரைச் சொல்லிச் சொல்லித்தான் தட்டிருக்காவ. பாவி மனுசன்... என்னைக் கூப்பிட்டிருக்காவளே!"

அவளுக்கு அப்படியே பறக்க வேண்டும்போல் இருந்தது. உலகத்தில் ஒரு பெண்ணுக்குப் புருஷன் செத்த விவரம் தெரிந்து இவ்வளவு சந்தோஷம் வந்திருக்குமா என்று வெட்கமாகவும் இருந்தது. அது அடங்கிய பிறகுதான் மற்றது உறைத்தது. இதைச் சொன்னால் தளவாய் என்ன ஆவான்? ஊர் கும்பிடுகிற வார்த்தையை ஒரு கிழவன் இட்டுக்கட்டினான் என்றால் அவனை ஊர் சும்மா விடுமா? சொல்லாவிட்டால் இன்னாசி விரதம் எடுப்பான். கனகுவின் மகனைப் போல் ஒருநாள் சுவரில் சாய்ந்து அமைதியாக உட்கார்ந்திருப்பான்.

"தளவாய் ஏன் அப்பிடிச் சொன்னான்?"

"அன்னைக்கு அவருகிட்ட மொதல்ல கேட்டது யாரு அக்கா?"

பிலோமி யோசித்தாள். அவள்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடிப்போய், அவுக என்ன சொன்னாவ, அவுக என்ன சொன்னாவ என்று தளவாயின் சட்டையைப் பிடித்து உலுக்கியவள் அவள்தான். அன்றைக்கு அவன் மீசை அரும்பாத பையன். உன் பெயரைச் சொல்லித் தட்டிக்கொண்டே செத்தார் என்று ஒரு பிள்ளைத்தாச்சியிடம் அவன் எந்த வாயால் சொல்லியிருப்பான்?

"ஒரு மதம் எங்க பொறக்குதுன்னு நான் வயசெல்லாம் தேடுனேன்" என்றாள் ஜைத்தூன். "இது உங்களுக்கு ஆறுதல் சொல்லணும்ங்க எண்ணத்துல பொறந்திருக்கு. ஆனா ஒண்ணு அக்கா. பழைய மார்க்கங்கள்ல யாரோ ஒருத்தர் அழுகையை அழிக்காம விட்டு வச்சிருக்காவ. கர்பலா போருல நபியோட பேரப்பிள்ளை தாகத்துக்குத் தண்ணி கேட்டதை எங்க ஆளுங்க இன்னும் சொல்லி அழுதாவ. கேட்டாவளேன்னு யாரும் கொறைச்சலா நெனக்கல."

"எங்க ஆண்டவரு சிலுவையில கத்துனாருல்லா" என்றாள் பிலோமி. சொல்லிவிட்டுப் பனிமய மாதாவை நிமிர்ந்து பார்த்தாள். கத்தினதைக் கேட்டுக்கொண்டு கீழே நின்றவள் அந்தத் தாய்தானே. "அழிக்காதீங்க டீச்சரம்மா. ஆனா சபையில இதைப் போடவும் வேண்டாம். நான் வாயால சொல்லிக்கிடுதேன்."

விரத நாளன்று முதல் கூடம் நிரம்பி வழிந்தது. இன்னாசி வெளிவேலை உடுப்போடு வாசலுக்கு முன்னால் நின்றான். சடங்கு என்னவென்றால், விரதக்காரனுக்குத் தாய் தலைக்கவசத்தை மாட்டிவிடுவாள். நம் வீடுகளில் வெளியே கிளம்புகிறவன் 'போறேன்' என்று சொன்னால் பெரியவர்கள் வாயிலேயே அடிப்பார்கள், 'போயிட்டு வாறேன்' என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் நிற்கிறவர் விரதத்தில் பிள்ளை 'போறேன்' என்பான், தாய் 'போ' என்பாள். ஊர் அழும். அவ்வளவுதான் சடங்கு.

"போறேன்மா" என்றான் இன்னாசி.

பிலோமி தலைக்கவசத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். "போயிட்டு வால" என்றாள். கூட்டம் சலசலத்தது.

"எல்லாரும் கேளுங்க. நான் எங்க வீட்டுக்காரவுக குரலைக் கேட்டுட்டேன். அவுக கதவைத் தட்டுனாவ. தொறன்னு கேட்டாவ. பயந்தாவ. எம்பேரைச் சொல்லிக் கூப்பிட்டாவ. மூச்சு இருக்குமட்டும் தட்டுனாவ."

தளவாய் பாயிலிருந்து எழுந்திருக்க முயன்று, முடியாமல் மண்டியிட்டார். "நான் தொறக்கல மைனி" என்றார்.

பிலோமி போய் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "ஏ தளவாய், நீ தொறந்திருந்தா நானும் இல்ல, இந்தா நிக்கானே, இவனும் இல்ல. நீ தொறக்காதது சரிதான்டே. அவுக தொறக்கச் சொன்னதும் சரிதான். நீ எனக்காகத்தானே ஒரு வார்த்தையைச் சொன்ன? நான் நெசத்தையே தாங்கியிருப்பேன். அப்போ ஒனக்கும் தெரியல, எனக்கும் தெரியல."

அந்தக் கிழவர் பச்சைப்பிள்ளை போல அழுதார். யாரும் அவரை அடிக்க வரவில்லை. எங்கோ பின்வரிசையில் கனகு அழுகிற சத்தம் கேட்டது.

இன்னாசிக்குத்தான் முகம் சிவந்துவிட்டது. "அப்போ எங்கப்பா பயந்து செத்தாவளா? இதுக்காம்மா ஊரெல்லாம் கும்பிட்டுச்சு?"

"ஆமால, பயந்தாவ. உள்ள வரதுக்கு ஆசைப்பட்டாவ. ஆசைப்பட்டு வர முடியாமப் போன மனுசனைத்தான் நான் கட்டிக்கிட்டேன். லேசா விட்டுட்டுப் போனவுகளை இல்ல."

மீசை இருந்தாலும் அவன் குரல் சின்னப் பிள்ளையினுடையதாக வந்தது. "அப்போ எனக்கு ஒரு ஆபத்துன்னா, நான் தட்டலாமாம்மா?"

"தட்டு. தொறக்க முடியுமான்னு எனக்குத் தெரியாது, பொய் சொல்ல மாட்டேன். ஆனா இந்தப் பக்கம் நான் நிப்பேன். நீ தட்டுனா நானும் தட்டுவேன்."

அன்று விரதம் நடக்கவில்லை. சபையில் இரண்டு கட்சி உண்டாகிவிட்டது. வாசல் வார்த்தையை அழிக்கக்கூடாது என்று ஒன்று, அழிக்க வேண்டும் என்று ஒன்று. "ஒரு மதத்துக்கு இத்தனை சீக்கிரத்துல ரெண்டு கட்சி நான் பாத்ததே இல்ல" என்று ஜைத்தூன் வியந்துபோனாள். பிலோமி பாசி கிண்டப் போய்விட்டாள்.

மழைக்காலம் இல்லாத ஊரில் தூசிக்காலம்தான் காலம். அது வந்தது. ஒருநாள் மதியம் சோற்று நேரத்தில் மணி அலறி, முதல் கூடத்து வாசல் தானாகப் பூட்டிக்கொண்டது. இடையறைச் சுவர் மறுபடி கிழிந்துவிட்டது. வெளியே போயிருந்தவன் இன்னாசி.

வழக்கப்படி சனம் வாசலைத் தொட்டு நின்றது. இப்படி ஆனால் முழுப் பரிசோதனையும் முடியும்வரை கதவைத் திறக்கமாட்டார்கள். அது நெடுநேரம் பிடிக்கும், உடுப்பில் இருக்கிற காற்று அதுவரை தாங்காது. வெளியே இருப்பவன் உயிரோடு இருக்கிறானா என்றுகூடத் தெரியாது. இதுவரை அப்படி நின்றவர்களெல்லாம் கேட்கமாட்டேன் என்று விரதம் எடுத்தவர்கள், எப்படிச் சத்தம் கொடுப்பார்கள்?

அப்போதுதான் கதவில் அந்தச் சத்தம் கேட்டது. டொக், டொக், டொக்.

செம்மேட்டில் பிறந்த யாரும் அதுவரை கேட்டிராத சத்தம். பிலோமி கையிலிருந்த தட்டாலேயே கதவைத் திருப்பித் தட்டினாள். "இங்கதான்ல இருக்கேன்! தட்டு, விடாதே!" பக்கத்தில் நின்ற கனகு தன் வளையலால் தட்டினாள். பிறகு எல்லாரும் தட்டினார்கள்.

தளவாய் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திரும்பிக் கூடத்தின் கடைசியைப் பார்த்தார். "ஏ, அன்னைக்கு ஒரே கூடம்தான்டே இருந்துச்சு!" என்று கத்தினார். "பின்னால போக எடமில்ல. இப்போ நமக்குப் பின்னால எத்தனை கூடம் கெடக்கு! எல்லாரும் அடுத்த கூடத்துக்குப் போயி வாசலை அடைங்க. இந்தக் கூடத்துக் காத்து போனாப் போவுது. ஓடுங்கல!"

யாருக்கும் இதுவரை தோன்றவில்லை. தட்டுகிற ஆள் இல்லாததால் தேவைப்படவுமில்லை. தன் மகனும் இப்படிப் பிழைத்திருப்பான் என்று கனகுவுக்குப் புரிந்த கணத்தில் அவள் முகம் போன போக்கைப் பார்க்கப் பிலோமிக்குத் தைரியம் வரவில்லை. இரண்டு பெண்கள் கனகுவைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார்கள். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மற்ற சனமும் ஓடியது. அடுத்த வாசல் மூடிக்கொண்டது. தளவாய் ஒரு பழைய உடுப்பை மாட்டிக்கொண்டு நெம்புகோலைப் பிடித்தார். பிலோமி போகமாட்டேன் என்றுவிட்டாள். அவளுக்கும் ஒரு உடுப்பை மாட்டிவிட்டார். உடுப்புக்குள் நின்றுகொண்டும் அவள் தட்டுவதை நிறுத்தவில்லை.

தளவாய் நெம்புகோலை ஒரே இழுப்பில் இறக்கினார். கூடத்துக் காற்றெல்லாம் பெருமூச்சுப் போலப் பாய்ந்து வெளியே போயிற்று. தட்டுகளும் பாய்களும் சோறும் பறந்தன. அந்தப் புழுதிக்குள் இன்னாசி தடுமாறி விழுந்தான். தளவாய் அவனை நெஞ்சோடு அணைத்து உள்ளே இழுத்துப்போட்டு, கதவைத் திரும்ப அடைத்தார்.

மூவரும் தரையில் கிடந்தார்கள். தளவாய் அந்தப் பையனின் தலைக்கவசத்தோடு தன் தலைக்கவசத்தை ஒட்டி வைத்துக்கொண்டு சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தார். பிலோமியும் தன் தலைக்கவசத்தை அவர்களோடு ஒட்டிவைத்தபோது அது அவளுக்கும் கேட்டது.

"வாங்க அண்ணாச்சி. வாங்க. உள்ள வாங்க அண்ணாச்சி."

பிலோமி அவரைத் திருத்தவில்லை.